ரீஸ்டார்ட் அக்காவின் பத்து இணைப்புகள்

காலை பத்தரை மணி வாக்கில் அந்த ஆஸ்பத்திரி நின்றுபோகும். இருமல் நிற்காது, லிஃப்ட் நிற்காது, வரிசையில் சண்டை நிற்காது. கம்ப்யூட்டர் மட்டும் நின்றுபோகும். கவுண்டரில், பரிசோதனைக் கூடத்தில், வார்டுகளில் எல்லாத் திரையிலும் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். சுற்றியது சுற்றியபடியே இருக்கும். உடனே மூன்றாவது மாடிக்கு ஃபோன் போகும்.

"அக்கா, நின்னுடுச்சு."

"தெரியும். பண்ணிட்டேன்."

பண்ணிட்டேன் என்றால் ரீஸ்டார்ட் பண்ணிட்டேன் என்று அர்த்தம். ஐந்து நிமிடத்தில் எல்லாத் திரையும் உயிர் பெற்று எழுந்துவிடும். மூன்று மாதமாக இதே கதை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள ரசீதில் மட்டும் தங்கிவிட, வாட்ச்மேன் முதல் டாக்டர்கள் வரை அவளுக்கு ரீஸ்டார்ட் அக்கா என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

வயது நாற்பத்தொன்பது. காலையில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருப்பாள் என்பதால் சாயங்காலம் கணுக்கால் இரண்டும் வீங்கியிருக்கும். தண்ணீர் குடிக்க மறந்துவிடுவாள். டைப் அடிக்கத்தான் அந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் அதற்கு உறை தைத்துப் போட்டு மூடி வைத்தார்கள். இவள் திறந்து பார்த்தாள். புத்தகம் வாங்கிப் படித்தாள், மாலை வகுப்புக்குப் போனாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியின் மொத்த ப்ரோக்ராமையும் தன்னந்தனியாக எழுதி ஓட்டிக் காட்டினாள். பதிவு, ரத்தப் பரிசோதனை முடிவு, கட்டில் கணக்கு எல்லாம் அவள் கைவேலை.

தினமும் நிற்கிற ஒன்றோடு மனிதர்கள் எவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டுமானால் அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். பதினொன்றுக்கு வந்துகொண்டிருந்த டீக்காரர் பத்து இருபத்தைந்துக்கே ஃப்ளாஸ்க்கோடு கீழே வந்து நிற்க ஆரம்பித்தார். வட்டம் சுற்றத் தொடங்கியதும் எல்லோரும் கை கழுவ எழுந்து போனார்கள். வழக்கமாக வரும் நோயாளிகளில் சிலர், "டீ டைம் வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டு அவர்களும் ஒரு கோப்பை வாங்கிக்கொண்டார்கள்.

ஒத்துப்போகாத ஒரே ஆள் சூப்பரின்டென்ட். திங்கட்கிழமை அக்காவைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லாமலே ஆரம்பித்தார்.

"நான் ஒரு சர்ஜன். ஒரே ஆளுக்கு ஒரே ஆபரேஷனை தினமும் காலையில பத்தரைக்குப் பண்ணினேன்னு வைங்க. என்னை என்னம்மா பண்ணுவாங்க?"

"பார்க்கிறேன் சார்."

"மூணு மாசமா பார்க்கறீங்க. வெளிக் கம்பெனி ஒண்ணு வந்திருக்கு. ரெடியா ப்ரோக்ராம் வெச்சிருக்காங்க. சனிக்கிழமைக்குள்ள உங்களோடது சரியாகலைன்னா, அடுத்த மாசத்துலேருந்து அவங்களோடது. நீங்க ரெக்கார்டு ரூமுக்குப் போயிடுங்க."

ரெக்கார்டு ரூம் தரைக்குக் கீழே இருந்தது. கூரை வரைக்கும் ஃபைல், ஜன்னல் கிடையாது. அங்கே கடைசியாக இருந்தவர் ஓய்வு பெற்றபோது, போன பிறகும் இரண்டு நாள் அவருடைய இருமல் கேட்டது என்று சொல்வார்கள். அறையைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். தான் வரி வரியாக எழுதிய ப்ரோக்ராமை யாரோ ஒருவன் வந்து ஒரே அமுக்கில் அழித்துவிட்டுப் போவான் என்பதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னாள். வீட்டுக்காரர் பஸ் டிரைவர். எதையும் நேராகக் கேட்கிறவர்.

"அந்த ரூம்ல ஃபேன் இருக்கா?"

"நான் என்ன சொல்லிட்டிருக்கேன், நீங்க ஃபேனைக் கேக்கறீங்க."

"இருக்கான்னு பாத்து வெச்சுக்கோ. பின்னாடி கேட்டா தரமாட்டாங்க."

நின்றுபோவது ஏன் என்று பாதி அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி விவரம் அனைத்தும் இருப்பது டேட்டாபேஸில். ப்ரோக்ராமுக்கு ஏதாவது வேண்டுமென்றால் டேட்டாபேஸோடு ஓர் இணைப்பு வேண்டும். ஒவ்வொரு தடவையும் புதிதாக இணைப்புப் போட்டால் நேரமாகும். கதவைத் தட்டி, யார் என்று சொல்லி, கடவுச்சொல் கொடுத்து, அது சரிபார்த்து உள்ளே விட வேண்டும். அதனால் ஆரம்பத்திலேயே பத்து இணைப்புகளைப் போட்டுத் தயாராக வைத்துவிடுவார்கள். வேலை வந்தால் ஒன்றை எடு, வேலையை முடி, எடுத்த இடத்தில் வை. அடுத்த வேலை அதையே எடுத்துக்கொள்ளும். ஒரு வேலைக்குக் கண் சிமிட்டும் நேரம்தான் ஆகும் என்பதால் அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பத்து தாராளம்.

ஆனால் பத்தரை மணிக்கு அந்தப் பத்தில் ஒன்றுகூட மிச்சமிருக்காது. வருகிற வேலையெல்லாம் எப்போது கிடைக்கும் என்று காத்து நிற்கும். எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று அவள் எல்லை வைக்கவில்லை, ஆகவே நின்றுகொண்டே இருக்கும். ரீஸ்டார்ட் பண்ணினால் பத்தும் புதிதாக வந்துவிடும். வீட்டுக்குக் கிளம்பும்போதும் விளக்கை அணைக்கிற மாதிரி ஒரு ரீஸ்டார்ட் தட்டிவிட்டுப் போவாள். பத்தும் எங்கே போகின்றன என்பது மட்டும் தெரியவில்லை. முதல் மாதம் கேபிளைச் சந்தேகப்பட்டாள். இரண்டாம் மாதம் மின்சாரத்தை. மூன்றாம் மாதம், மாடியில் கூடு கட்டியிருந்த புறாக்களைக்கூட விடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கே வந்து, பத்து போதாவிட்டால் நூறு இருக்கட்டும் என்று மாற்றிவிட்டாள். எட்டேகாலுக்கு மருந்துக்கடைக்காரர் மூன்று மாடி ஏறி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"உக்காருங்க. முதல்ல மூச்சு விடுங்க."

"என் கம்ப்யூட்டர் திறக்கவே மாட்டேங்குது. இடம் இல்லேன்னு வருது. என்ன இடம், யாரு இடம்?"

அக்காவுக்கு உறைத்தது. அந்த டேட்டாபேஸ் மொத்தமாகவே நூறு இணைப்புதான் கொடுக்கும். மருந்துக்கடை ப்ரோக்ராம் தனி. ஆனால் டேட்டாபேஸ் ஒன்றுதான். விடிந்ததும் விடியாததுமாக நூறையும் அவளே வாரிச் சுருட்டிக்கொண்டுவிட்டாள்.

"மேல இருக்கற மகராசி எல்லாத்தையும் அள்ளிக்கிட்டா கீழ இருக்கறவன் என்ன பண்றது?" என்றார் அவர். அவள் பத்துக்கே மாற்றினாள். அன்றும் பத்தரைக்கு நின்றது. டீ குடித்தார்கள்.

புதன்கிழமை மத்தியானம் இரண்டாம் மாடி வார்டின் பெரிய சிஸ்டர் சாப்பாட்டு டப்பாவோடு வந்து சேர்ந்தாள். இருவரும் ஒரே வருடம் வேலைக்கு வந்தவர்கள். ஒருத்தியை ஒருத்தி குறை சொல்லாமல் சாப்பிட்டால் இரண்டு பேருக்குமே செரிக்காது.

"என் பேஷன்ட்டுங்க ரிசல்ட் லேட்டாகுது. நீ இங்க உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டிருக்கே."

"உனக்குச் சொன்னா புரியாது."

"புரியற மாதிரி சொல்லத் தெரியலைன்னா உனக்கே புரியலைன்னு அர்த்தம். சொல்லு."

அக்கா சொன்னாள். பத்து இருக்கிறது, எடுத்து, உபயோகித்து, திருப்பி வைக்க வேண்டும், பத்தரைக்குள் பத்தும் காணோம்.

"பெட்பேன் மாதிரி," என்றாள் சிஸ்டர்.

அக்கா கையிலிருந்த கவளத்தைப் பார்த்துவிட்டு டப்பாவில் வைத்தாள்.

"சாப்பிடறப்போ பேசற பேச்சா இது?"

"நான் இருபத்தஞ்சு வருஷமா அதைப் பேசிக்கிட்டேதான் சாப்பிடறேன். கேளு. என் வார்டுல முப்பத்திரண்டு பேர், எட்டு பெட்பேன். போதும். எல்லாருக்கும் ஒரே நேரத்துல வராது. ஒரு நாள் பாத்தா ஸ்டாண்டுல ஒண்ணுகூட இல்ல. நான் என்ன பண்ணேன்? புதுசா நூறு வாங்கிக் குடுங்கன்னு போய் நின்னேனா?"

செவ்வாய்க்கிழமைச் செய்தி அதற்குள் வார்டு வரைக்கும் இறங்கியிருந்தது.

"ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டேன். எந்தக் கட்டிலுக்குப் போச்சு, எத்தனை மணிக்குப் போச்சு, ஒரு நோட்டுல. கால் மணியில வரலைன்னா நானே போய்ப் போர்வையைத் தூக்கிப் பாப்பேன்."

"கிடைச்சுதா?"

"ஒரே கட்டிலுக்குக் கீழ அஞ்சு. அந்த மனுஷன் கூச்சப்பட்டுக்கிட்டு யாரையும் கூப்பிடறதில்ல. ஆனதும் காலால உள்ள தள்ளி விட்டுடுவார். உன்னுதுல யார் எடுத்தாங்கன்னு எழுதறியா?"

"இல்ல."

"மூணு மாசமா எண்ணிக்கிட்டு மட்டும் இருந்தியா," என்று சொல்லி, அக்கா வைத்த கவளத்தையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

அன்றைக்கே அக்கா நோட்டுப் போட்டாள். அதாவது ப்ரோக்ராமில். ஒவ்வோர் இணைப்பும் வெளியே போகும்போது எந்த வேலைக்குப் போனது, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு நிமிடத்தில் திரும்பாவிட்டால் தனியாக எழுதிக் காட்ட வேண்டும். எத்தனை மிச்சம் என்று தன் ஃபோனில் தெரிகிற மாதிரியும் செய்துகொண்டாள்.

வியாழக்கிழமை எட்டு நாற்பத்தேழுக்கு முதல் இணைப்பு காணாமல் போனது. வேலை: பரிசோதனை முடிவு அச்சடித்தல். ஒன்பது ஐந்துக்கு இரண்டாவது, அதே வேலை. ஒன்பது பதினொன்றுக்கு மூன்றாவது. அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள்.

முடிவுகள் தரும் கவுண்டரில் இருந்த எழுத்தர் அந்த ஆஸ்பத்திரியிலேயே மரியாதைக்குப் பெயர் போனவர். எந்த வாக்கியத்தையும் மன்னிப்புக் கேட்காமல் ஆரம்பிக்க மாட்டார். 'மன்னிக்கணும்' என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். அதற்கும் அவர், மன்னிக்கணும், என்னையா கூப்பிட்டீங்க என்பார். அக்கா அவருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மிச்சம்.

நாலைந்து பேர் முடிவை வாங்கிக்கொண்டு போனார்கள். ஏழு அப்படியே இருந்தது. பிறகு நல்ல உயரமான ஓர் அம்மாள் வந்தாள். முடிக்கு மருதாணி நிறம், தோளில் பை. எழுத்தர் அச்சுப் பொத்தானை அமுக்கினார். திரையில் 'வயது இல்லை' என்று வந்தது.

"மன்னிக்கணும் மேடம். வயசு மட்டும் விட்டுப்போயிருக்கு."

"விட்டுப்போகல. நான் சொல்லல."

"மன்னிக்கணும். ஒரு உத்தேசமா…"

"எதுக்குங்க? ரத்தத்துல சர்க்கரை எவ்வளவுன்னுதானே கேட்டேன். கல்யாணத்துக்கா பொண்ணு பாக்கறீங்க?"

அவர் அந்தச் செய்தியை மூடிவிட்டு, பரிசோதனைக் கூடத்துக் கைச்சீட்டைத் தேடி எடுத்து, அதிலிருந்து ஒரு தாளில் அழகாக எழுதிக் கொடுத்தார். அம்மாள் போய்விட்டாள். ஃபோனில் ஆறு.

"இப்படி ஒரு நாளைக்கு எத்தனை பேர் வர்றாங்க?" என்று கேட்டாள் அக்கா.

"மன்னிக்கணும் மேடம், எண்ணினதில்ல. பத்துப் பன்னண்டு இருக்கும். முடிக்கு மை பூசற ஆம்பளைங்களையும் சேர்த்தா."

"மூணு மாசம் முன்னாடி வரைக்கும் என்ன பண்ணீங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "முப்பத்தஞ்சுன்னு போட்டுடுவேன். எல்லாருக்கும். ஒருத்தர்கூட தப்புன்னு சொன்னதில்ல. அப்புறம் சூப்பரின்டென்ட் சார்கிட்டேருந்து சர்க்குலர் வந்துது. ஊகத்துல எதையும் பதிவு செய்யக் கூடாதுன்னு. அன்னையிலேருந்து காலியா விட்டுடறேன்."

"இந்த மாதிரி அச்சு வரலைன்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"மன்னிக்கணும். ஏற்கெனவே தினமும் பத்தரைக்கு உங்களைத் தொந்தரவு பண்றோம். இதையும் எப்படிச் சொல்றதுன்னு…"

அக்கா மாடிக்குப் போய் ப்ரோக்ராமில் அந்த இடத்தைத் திறந்து பார்த்தாள். குழந்தைகளுக்கு ஓர் அளவு, பெரியவர்களுக்கு ஓர் அளவு என்று முடிவோடு அச்சடிக்க வேண்டும். அதற்கு வயது பார்க்க வேண்டும். முதலில் ஓர் இணைப்பை எடு. நோயாளியின் விவரத்தைப் பார். வயது காலி என்றால் செய்தியைக் காட்டிவிட்டுத் திரும்பிப் போ. அப்படித்தான் எழுதியிருந்தாள். போகும்போது கையில் இருப்பதை வைத்துவிட்டுப் போ என்று எழுதவில்லை. வேலை ஒழுங்காக முடிந்தால் திருப்பி வைக்கிற வரி கடைசியில் இருந்தது. பாதியில் திரும்புகிறவன் அந்தக் கடைசி வரிக்கு வருவதே இல்லை. மேலே தேதி இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி, அவளுடைய பெயர், பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்று அவளே கொடுத்துக்கொண்ட சான்றிதழ்.

புறாக்களை நினைத்து அவளுக்கே கூச்சமாகிவிட்டது.

வேலை முடிந்து போனாலும், பாதியில் திரும்பினாலும், நடுவில் தடுக்கி விழுந்தாலும், எந்த வாசல் வழியாகப் போகிறவனும் இணைப்பை வைத்துவிட்டே போக வேண்டும் என்று மாற்றினாள். காத்திருப்புக்கும் எல்லை வைத்தாள்: ஐந்து விநாடியில் கிடைக்காவிட்டால் வட்டம் சுற்றக் கூடாது, கிடைக்கவில்லை என்று சொல்லிவிட வேண்டும். வயது காலியாக இருந்தால் பெரியவர்களுக்கான அளவைப் போட்டு, 'வயது தெரிவிக்கப்படவில்லை' என்ற குறிப்போடு முடிவைக் கொடுத்துவிடலாமா என்று ரத்தப் பரிசோதனை டாக்டரிடம் கேட்டாள். குழந்தைக்கு வயதைச் சொல்லாத தாய் கிடையாது, போடு என்றார் அவர். வயதில்லாத இருபது பேரைத் தானே உருவாக்கி, இருபது தடவை அச்சடித்துப் பார்த்தாள். பத்தும் பத்திரமாக இருந்தன.

வெள்ளிக்கிழமை பத்து இருபத்தைந்துக்கு டீக்காரர் வந்தார். பத்தரை ஆனது. எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டே பாதி எழுந்தார்கள். பத்து நாற்பதுக்கு மூன்றாம் மாடியில் ஃபோன் அடித்தது.

"மன்னிக்கணும் மேடம். நிக்கல."

"தெரியும். சரியாயிடுச்சு."

"ரொம்ப சந்தோஷம். ஆனா வரிசையும் நிக்காம வந்துக்கிட்டே இருக்கு. டீ ஆறுது. லேப்ல கேக்கச் சொன்னாங்க. ஒரு அஞ்சு நிமிஷம் மட்டும் நிறுத்திக் குடுக்க முடியுமான்னு."

"முடியாது. முறை வெச்சு மாத்தி மாத்திப் போய்க் குடிங்க."

அவள் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் சூப்பரின்டென்ட் அறையிலிருந்து தாள் வந்தது. நாளை பதினொரு மணிக்குள் எழுத்தில் விளக்கம் தேவை. கோளாறுக்குக் காரணம் என்ன, பொறுப்பு யாருடையது.

அக்கா எழுத உட்கார்ந்தாள். 'கவுண்டரில் நோயாளிகளின் வயது பதிவு செய்யப்படாததால்' என்று முதல் வரி தானாக வந்தது. அதில் பொய் ஏதும் இல்லை. படிக்கிறவர் அந்த வரியோடு நிறுத்திவிட்டால் அவள் தப்பித்துவிடுவாள். சூப்பரின்டென்ட் முதல் வரிக்கு மேல் படிக்கிறவரும் அல்ல.

நாலு மணிக்குக் கதவருகே எழுத்தர் நின்றார்.

"மன்னிக்கணும். விளக்கம் கேட்டிருக்காங்கன்னு சொன்னாங்க. என் பேர் வருமா?"

"ஏன்?"

"ஒண்ணுமில்ல. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸ். மெமோ வருதுன்னா வீட்ல நானே முதல்ல சொல்லிடலாம்னு. வேற யாராவது சொன்னா அவளுக்கு பிரஷர் ஏறிடும்."

கெஞ்சவும் இல்லை, கோபப்படவும் இல்லை. வழக்கம்போல நின்றார், வலது குதிகாலைத் தரையில் ஊன்றாமல் நின்றார். குதிகால் வலிக்கு அவர் செருப்பை மாற்ற வேண்டும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

"மெத்துன்னு அடி வெச்ச செருப்பு வாங்குங்க," என்றாள் அக்கா. "கீழ போங்க. வரிசை நிக்குது."

அவர் போனதும் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினாள். நான்கே வரி. எடுத்த இணைப்பைத் திருப்பி வைக்கும்படி நான் எழுதத் தவறிவிட்டேன். ஒன்பது வருடமாக அந்தத் தவறு இருந்திருக்கிறது. ஒரு வரி சேர்த்துச் சரிசெய்துவிட்டேன். பொறுப்பு என்னுடையது. கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்காரர் சொன்னபடி கீழே போய் ரெக்கார்டு ரூமை எட்டிப் பார்த்தாள். ஃபேன் இருந்தது, ஓடவில்லை.

சனிக்கிழமை சூப்பரின்டென்ட் அந்த நான்கு வரியையும் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார்.

"உங்க தப்பா?"

"ஆமா சார்."

"ஒன்பது வருஷமா தப்பு இருந்தா, ஏன் மூணு மாசமா மட்டும் நிக்குது?"

"அதுவரைக்கும் யாரும் வயசைக் காலியா விடல சார். சொல்லாதவங்களுக்கெல்லாம் முப்பத்தஞ்சு போட்டிருக்கு. அப்புறம் ஊகமா எழுதக் கூடாதுன்னு ஒரு சர்க்குலர் வந்துது."

"யாரோட சர்க்குலர்?"

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். "நல்ல சர்க்குலர் சார்."

அவர் தாளைக் கீழே வைத்தார். "ஒரு வரிக்கு மூணு மாசம். அந்தக் கம்பெனிக்காரர் நேத்துகூட வந்தார். அவங்களோடதுல இந்தத் தொல்லையே கிடையாதாம். வயசு போடலைன்னா அடுத்த பக்கமே திறக்காதாம். பாருங்க, எப்படி யோசிச்சிருக்காங்க."

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பொய் சொல்லத் தோன்றவில்லை. "அப்படியும் செய்யறது உண்டு சார்."

"கண்டிப்பா இருக்காங்க." பேனாவை எடுத்தவர், மூடியைத் திறக்காமல் நிறுத்தினார். "திறக்காதுன்னா?"

"வயசு சொன்னாதான் மேல போகும்."

"சொல்லலைன்னா?"

"சொல்ற வரைக்கும் கவுண்டர்ல நிக்க வேண்டியதுதான் சார். பின்னாடி வரிசையும் நிக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடியும் கழற்றினார்.

"எங்க பெரியக்கா மாசாமாசம் இங்கதான் டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கறாங்க," என்றார் மெதுவாக. "என்னைவிட எத்தனை வயசு பெரியவங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சுடுவேன்னு என் பிறந்த நாளுக்கே வரமாட்டாங்க."

இந்த மாதிரி நேரத்தில் நோயாளி தானாகப் பேசட்டும் என்று விடுவதுதான் சரி என்பது, இத்தனை வருடம் ஆஸ்பத்திரியில் இருந்ததில் அவளுக்கும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"கவுண்டர்ல நிக்க வெச்சா," என்றார் அவர், "நேரா இந்த ரூமுக்குத்தான் வருவாங்க."

"வரலாம் சார்."

"உங்களோடதுல எப்படி?"

"காலியா இருந்தாலும் ரிசல்ட் வந்துடும். தெரிவிக்கலைன்னு ஒரு குறிப்பு இருக்கும், அவ்வளவுதான்."

"நிக்காதே?"

"நிக்காது."

கம்பெனிக்காரரின் வழவழப்பான ஃபைல் மேசையில் கிடந்தது. அதை மூடி அலமாரியில், பழைய காலண்டர்களுக்குப் பக்கத்தில் வைத்தார். அக்காவின் தாளில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"நீங்க மேலேயே இருங்க. அவருக்கு நான் ஃபோன் பண்ணிச் சொல்லிக்கறேன்."

அக்கா அப்படியே வெளியே வந்திருக்கலாம். ஆனால் காரணம் எழுதி வைத்தே நாலு நாள் பழகிவிட்டதால், வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன காரணம்னு சொல்வீங்க சார்?"

சூப்பரின்டென்ட் சற்று யோசித்தார்.

"தொழில்நுட்பக் காரணம்," என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளை அனுப்பச் சொல்லி மணியை அடித்தார்.